ஒருநாளும் வெல்லாத ஆள் தேவை

கிருஷ்ணராசாவுக்கு விசிட்டிங் கார்ட் அடித்துக் கொடுத்த நாளிலிருந்து கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் அவருடைய கால் தரையில் படவில்லை. கார்டில் அவருடைய பெயர், அதற்குக் கீழே 'சீனியர் அட்வைசர், ஸ்போர்ட்ஸ்'. அவ்வளவுதான். என்ன கம்பனி, எங்கே இருக்கிறது, ஒன்றும் கிடையாது. ஒரு போன் நம்பர்கூட இல்லை. கேட்டால், "எங்கடை வேலை அப்பிடி. வெளியிலை சொல்லேலாது" என்று கண்ணைச் சுருக்குவார். பிறகு வெளியில் சொல்ல முடியாததையெல்லாம் ஒன்றும் விடாமல் சொல்லி முடிப்பார்.

திங்கள் முதல் வியாழன் வரை ஒரு காஷ் அண்ட் கரி மொத்தக் கடையில் வான் ஓட்டி அரிசி மூட்டை இறக்குகிற மனுசன். வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் கோட் போட்டுக்கொண்டு தெற்கு லண்டனில் டூட்டிங்குக்கு மீற்றிங் போவார். அதற்கு உள்ளே போடுகிற சேர்ட்டை அயன் பண்ணிக் கொடுப்பது அவருடைய மனைவி நாகேஸ்வரி. ஸ்ட்ராட்போர்டில் ட்ரை கிளீனிங் கடையில் நாள் முழுக்க மற்றவர்களின் உடுப்போடு மாரடித்துவிட்டு வந்து, இந்தச் சேர்ட்டுக்கும் அவள்தான் கொலர் மடிக்க வேண்டும். மடிக்கும்போது அவளுக்குச் சிரிப்பு வரும், எரிச்சலும் வரும். அந்த மீற்றிங்கில் அவருக்கு உண்மையில் என்ன வேலை என்று அவளுக்குத் தெரியும். அவருக்குத்தான் தெரியாது.

அவருடைய வேலை தோற்பது.

விளங்கச் சொல்கிறேன். பெட்டிங் கம்பனிகளின் விளம்பரங்களைப் பார்த்தால், உங்களைப் பணக்காரன் ஆக்கத்தான் அவர்கள் கடை திறந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பீர்கள். வென்று பாருங்கள், தெரியும். சும்மா அதிர்ஷ்டத்தில் ஒருதரம் வென்றால் கைதட்டுவார்கள். கணக்குப் பார்த்து, கிழமைக்குக் கிழமை வென்றால், ஒரு தேத்தண்ணிக் காசுக்கு மேல் பந்தயம் கட்ட விடமாட்டார்கள். காரணம் கேட்டால் இரண்டு வரி ஈமெயில் வரும். தோற்கிறவனுக்கோ ராச மரியாதை. பிறந்தநாளுக்கு வாழ்த்து, கிறிஸ்மஸுக்குக் கூடை, கதைத்துப் பேச ஒரு பெண்பிள்ளை. இப்படியும் ஒரு வியாபாரம், இதற்கு லைசென்ஸ் வேறு.

இவர்களை வெல்லுகிற கூட்டம் ஒன்று டூட்டிங்கில் இருந்தது. அதன் தலைவன் திருமாறன், கிள்ளானிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட மலேசியத் தமிழன். ஒரு இன்சூரன்ஸ் கம்பனியில் ஆக்சுவரியாக ஆர் எப்போது சாவான் என்று கணக்குப் பார்த்துச் சலித்துப்போய், ஆர் எப்போது கோல் அடிப்பான் என்று கணக்குப் பார்க்க வந்தவன். அவனும் அவனுடைய ஆட்களும் வெல்லுவார்கள். வெல்லுவதால் அவர்களுடைய பெயருக்கு எந்தக் கம்பனியும் கதவு திறக்காது. அதனால் ஊராருடைய பெயரில் கணக்கு வைத்துக் கட்டுவார்கள். ஊராருடைய பெயரிலும் தரம் இருக்கிறது. சாதாரண ஆளின் கணக்கு ஒரு மாதம் தாங்கும். வருசக்கணக்காகத் தன் காசைத் தொலைத்து, கம்பனிக்காரனே கைகூப்பி வரவேற்கிற அசல் மோடன் ஒருவனின் கணக்குக் கிடைத்தால், அது நின்று ஓடும். முதலில் மோடன் சொல்லுகிற விசர்ப் பந்தயங்களைப் போடுவது. கம்பனிக்காரன் பார்த்துச் சிரித்துவிட்டு அங்கால் திரும்பும்போது தங்கள் பந்தயத்தைச் செருகுவது. அவ்வளவுதான் அவர்களுடைய பெரிய மூளை.

இப்படியான மோடர்களைத் தேடிப் பிடித்துக் கொடுப்பது சிவரூபினியின் வேலை. கலியாணம், சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று ஒன்று விடமாட்டாள். தோளில் கைப்பை, வாயில் அக்கா. தெரிந்தவள் ஷோபாவின் மகள் பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்திய வீட்டில், சாப்பாட்டு வரிசையில், அவள் நாகேஸ்வரியின் காதுக்குள் கேட்டாள்.

"அக்கா, உங்கடை சனத்துக்குள்ளை பெட் கட்டுற, ஒருநாளும் வெல்லாத ஆள் ஆரும் இருக்கினமே? நல்ல ஆளாய், வாய்க்காரனாய் இருந்தால் இன்னும் நல்லது."

மாப்பிள்ளை விசாரிக்கிற மாதிரியே கேட்டாள். நாகேஸ்வரி ஏன் எதற்கு என்று கேட்டு, விசயத்தை முழுக்க விளங்கிக்கொண்டு, கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"என்ரை மனுசன்," என்றாள்.

அதற்காக அவளைக் கெட்டவள் என்று நினைக்க வேண்டாம். ஜேர்மனியில், டோர்ட்முண்டில், அவர்களுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. அது நெருப்பிலும் போகவில்லை, வரியிலும் போகவில்லை. உதைபந்தாட்டத்தில் போனது. கிருஷ்ணராசா அவளுக்குச் சொல்லாமலே அதைக் கட்டிக் கட்டித் தோற்று, கடைசியில் கடையின் சாவியை வேறொருவன் கேட்டு வந்தபோதுதான் அவளுக்குத் தெரிய வந்தது. லண்டனுக்கு வந்து, பிளேஸ்டோவில் வாடகைக்கு இருந்து, தையல் ஊசி வாங்கவும் இரண்டுதரம் யோசித்து, குட்மேய்ஸில் ஒரு வீட்டுக்கு முற்பணம் சேர்க்கத் தொடங்கியபோது மனுசனுடைய கை மறுபடியும் அரிக்கத் தொடங்கியது. வங்கி கடன் தருவதற்கு இரண்டு பேருடைய சம்பளமும் ஒரே கணக்கில் போய்ச் சேர வேண்டியிருந்தது. அவளுக்கு நித்திரை இல்லை. அந்த நேரத்தில்தான் ஒருத்தி வந்து, உன் புருசன் ஆசை தீரக் கட்டட்டும், காசு எங்களுடையது, தோற்றால்தான் எங்களுக்குச் சந்தோசம், மாதாமாதம் கையில் கொஞ்சமும் தருகிறோம் என்றால் எந்தப் பெண்தான் மாட்டேன் என்பாள்? பாஸ்போர்ட் பிரதியையும் கரண்ட் பில்லையும் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். மனுசனுக்கோ, உங்கள் மூளைக்காக எடுக்கிறோம் என்று சொல்லி டூட்டிங்காரர் அந்தக் கார்டை அடித்துக் கொடுத்தார்கள்.

இப்படியே இரண்டு வருசம் ஓடியது. முற்பணம் சேர்ந்துகொண்டே வந்தது. டோர்ட்முண்டுக்குப் பிறகு அவள் நிம்மதியாக இருந்தது அந்த இரண்டு வருசமும்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை, டூட்டிங்கில் மரக்கறி மலிவு என்று சாட்டுச் சொல்லிக்கொண்டு அவளும் கூடப் போனாள். நகைக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி. சூதாட்டக் கூட்டம் என்றால் சுருட்டுப் புகையும் கத்தலுமாக இருக்கும் என்று நினைத்தாள். பார்த்தால் பல்வைத்தியரிடம் போனதுபோல் இருந்தது. வெள்ளைச் சுவர், வெள்ளை மேசை, காதில் வயர் மாட்டிய நாலைந்து இளம் பிள்ளைகள். ஒருவரும் மாட்ச் பார்க்கவில்லை. சுவரில் இருந்த டிவியும் ஓடவில்லை. திருமாறன் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு வந்தான். பந்து உருண்டையா சதுரமா என்றுகூட அவனுக்கு அக்கறை இல்லை, எல்லாம் எண்தான்.

"வாங்கண்ணே, வாங்கம்மா. உங்க ஹஸ்பண்ட் எங்களுக்கு ரொம்ப முக்கியமான ஆளுங்க," என்றான். கண்ணில் ஒரு துளி சிரிப்பு இல்லை. அந்த அடக்கத்தைப் பார்க்க நாகேஸ்வரிக்குக் கை துருதுருத்தது.

கிருஷ்ணராசா மேசைத் தலைப்பில் இருந்த கதிரையில் போய் இருந்து தொண்டையைச் செருமினார். ஒரு பிள்ளை அவர் சொல்வதை எழுத ஆயத்தமாக இருந்தது. ஆறு மாட்ச், ஆறும் சரியாக வந்தால்தான் காசு. அதுதான் அவருடைய பந்தயம், அதைவிட மோட்டுப் பந்தயம் உலகத்தில் இல்லை.

"முதலாவது, ஹோம் டீம்காரன் தோப்பான். அவன்ரை கோல்கீப்பருக்குப் பிள்ளை பிறந்து ஒரு கிழமை. மனுசனுக்கு நித்திரை இராது."

"ஓ," என்றான் திருமாறன்.

"ரெண்டாவது, மஞ்சள் சேர்ட் போட்டுக்கொண்டு மழைக்குள்ளை வெல்லேலாது. நான் முப்பது வருசமாப் பாக்கிறன்."

"நாங்க இந்தக் கோணத்துல யோசிக்கவே இல்லையே," என்று திருமாறன் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். ஒரு பிள்ளை கீழே விழாத பேனையை எடுக்கக் குனிந்தது. நாகேஸ்வரி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவமானமாக இருந்தது. தன்னுடைய மனுசனை இந்தப் பொடியள் வைத்து விளையாடுகிறார்களே என்று கோபம் வந்தது. அதே நேரம், கடவுளே, இதை இப்படியே நடத்திக்கொண்டு போ என்றும் மனசுக்குள் கும்பிட்டாள். வீடு திரும்பும்போது ரயிலில் அவர் கேட்டார், "கண்டனீரே, அவங்கள் என்னைப் பாக்கிற பார்வையை?" கண்டேன் என்றாள்.

அடுத்த நாள் சனிக்கிழமை. ஐந்து மணிக்கு அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முன் அறையில் ஒரு அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் மனுசன் சாரத்தோடு சோபாவுக்கு மேல் ஏறி நிற்கிறார்.

"ஆறும்! ஆறும் வந்திட்டுதடியப்பா! மஞ்சள் சேர்ட் மூண்டு கோல் வாங்கினவன்!"

இனி இந்தக் கணக்கைக் கம்பனிக்காரன் விட்டுவைப்பானா என்பதுதான் அவளுடைய முதல் யோசனை. வாழ்நாள் முழுக்க ஒன்றைக்கூடச் சரியாகச் சொல்லாத மனுசன், எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லித் தொலைத்திருக்கிறார். பெரிய தொகை. அது அவருடைய காசும் இல்லை, டூட்டிங்காரரின் காசு, ஆனால் அந்தச் சந்தோசத்தில் அது எங்கே நினைவுக்கு வரும்? டூட்டிங்கிலிருந்து இல்போர்ட் வரை அறிந்தவன் தெரிந்தவன் எல்லாருக்கும் போன் போனது. மச்சான் முறையான சற்குணத்துக்கு இரண்டுதரம். சற்குணம் வருசக்கணக்காக இவரைச் சீண்டிச் சிரிக்கிற ஆள். "இப்ப சிரியுமன் பாப்பம்," என்று இவர் கத்திய கத்தலுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் சுவரில் தட்டினான்.

நாகேஸ்வரி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிவரூபினிக்கு எடுத்தாள்.

"அக்கா, பயப்பிடாதேங்கோ. உப்பிடி ஒருக்கால் விழுறது கம்பனிக்காரருக்கு விருப்பம். விளம்பரம் மாதிரி. அடுத்த கிழமை திரும்பத் தோப்பார்தானே. கம்பனியிலையிருந்து எடுத்துக் கதைப்பினம், அவர் அலட்டட்டும், அலட்டினால் நல்லது. டூட்டிங்கைப் பற்றி மட்டும் ஒரு சொல்லு வரக்கூடாது. அதை மட்டும் பாத்துக்கொள்ளுங்கோ."

அதை மட்டும் பார்த்துக்கொள்ளட்டுமாம். கிருஷ்ணராசாவின் வாயை!

திங்கட்கிழமை போன் வந்தது. கம்பனியில் அவரோடு கதைக்கவென்று வைத்திருந்த ஹானா. அவள் எடுத்தால் அவர் ஸ்பீக்கரில்தான் போடுவார், வெள்ளைக்காரி தன்னை சேர் என்று கூப்பிடுவது சுவருக்கும் கேட்க வேண்டும். மிஸ்டர் கிருஷ்ணராசா, வாழ்த்துகள், என்னால் நம்பவே முடியவில்லை, எவ்வளவு அதிர்ஷ்டம் உங்களுக்கு என்று அவள் குழைந்தாள்.

அந்தச் சொல்லில்தான் எல்லாம் கெட்டது. அதிர்ஷ்டமாம். இரண்டு வருசமாக வெள்ளிக்கு வெள்ளி கோட் போட்டுப் போய் மூளையைக் கசக்கிய மனுசனைப் பார்த்து அதிர்ஷ்டம் என்றால் பொறுப்பாரா?

"லக் இல்லை மேடம்," என்று அவர் தன்னுடைய இங்கிலீசில் தொடங்கினார். நாகேஸ்வரி குசினியிலிருந்து ஓடிவந்து கையை ஆட்டினாள், வாயில் விரலை வைத்துக் காட்டினாள், கும்பிட்டும் காட்டினாள். அவர் சும்மா இரு என்று கையால் தள்ளிவிட்டார். "நாங்கள் சும்மா ஆக்கள் இல்லை. எங்களுக்கு ஒரு டீம் இருக்கு. ஆக்சுவரி இருக்கிறார். கம்பியூட்டர் இருக்கு. ஒவ்வொரு வெள்ளியும் டூட்டிங்கிலை மீற்றிங். நான்தான் சீனியர் அட்வைசர்."

போனில் கீபோர்ட் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஹானா, முன்னைவிட இனிமையாக, அப்படியா, இன்னும் சொல்லுங்களேன் என்றாள்.

இன்னும் சொன்னார். எத்தனை கம்பியூட்டர் என்றும் சொன்னார்.

மத்தியானம் முடிவதற்குள் அவருடைய கணக்கை மூடிவிட்டார்கள். உள்ளே இருந்த காசு முழுவதையும் விசாரணை என்று பிடித்து வைத்துவிட்டார்கள். அதோடு நிற்காமல், அவருடைய கணக்கில் போன பந்தயம் அதே நேரத்தில் வேறு எந்தெந்தக் கணக்கில் போயிருக்கிறது என்று தேடி, டூட்டிங்காரர் பாடுபட்டுச் சேர்த்த மோடர்களில் பாதிப்பேரையும் வெளியே தள்ளிவிட்டார்கள். உலகத்தில் உள்ள எண்ணையெல்லாம் கணக்குப் பார்க்கிற திருமாறன், ஒரு மனுசனைக் கதிரையில் இருத்தித் தூக்கித் தூக்கி வைத்தால் அவனுக்குத் தலை வீங்கும், வீங்கினால் வாய் திறக்கும் என்ற ஒன்றை மட்டும் கணக்குப் பார்க்கவில்லை. படித்தவர்களாம்.

ஆனாலும் அவன் கோபத்தைக் காட்டவில்லை. போனில் கூப்பிட்டு, "அண்ணே, நீங்க ரொம்பப் பெரிய ஆளாயிட்டீங்க, கம்பனியே உங்களப் பாத்துப் பயப்படுது. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க. இனிமே டூட்டிங் பக்கம் வர வேணாம், சரிங்களா," என்று சர்க்கரையில் தோய்த்துச் சொல்லி வைத்துவிட்டான். கோபித்தால் இவர் இன்னும் யாரிடமாவது போய் உளறுவார் என்ற பயம். காறித் துப்பியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நாலு பச்சைத் தூசணத்தால் பேசியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். மனுசன் அந்தச் சர்க்கரையை அப்படியே விழுங்கிவிட்டார்.

"எரிச்சல்," என்றார் சாப்பாட்டு மேசையில். "பொடியனுக்கு என்னிலை எரிச்சல். தன்ரை கம்பியூட்டர் செய்யாததை நான் செய்துபோட்டன். கம்பனிக்காரனும் பயந்திட்டான். ரெண்டு பக்கமும் பயந்தால் அதுக்கு என்ன அர்த்தம்?"

நாகேஸ்வரி கறியை ஊற்றினாள். எந்தக் கணக்கு மூடியதென்று அழுவாள்? மாதாமாதம் வந்த காசு போனது போகட்டும். இந்த மனுசனுடைய அரிப்புக்கு இனி யார் காசு கொடுப்பது?

அதற்கு அவள் அதிக நாள் காத்திருக்கவில்லை. மற்றக் கிழமை, வியாழக்கிழமை காலை, அவள் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். வக்கீலிடமிருந்து முதல்நாள்தான் ஈமெயில் வந்திருந்தது. திங்கட்கிழமை குட்மேய்ஸ் வீட்டுக்குக் கையெழுத்து, முற்பணத்தை அனுப்ப வேண்டும். கிருஷ்ணராசா கையில் போனோடு குசினி வாசலில் வந்து நின்றார். சவரம் செய்து, தலை இழுத்து, அன்றைக்கும் கோட் போட்டிருந்தார்.

"இஞ்சரும். சொல்லாமல் செய்தனான் எண்டு பிறகு நிக்கப்படாது. அதுதான் சொல்லிப்போட்டுச் செய்யிறன்."

"என்னத்தை?"

"முற்பணக் காசை ஒரு மாசத்துக்கு எடுக்கிறன். தனியச் செய்யப்போறன். அவங்களின்ரை காசிலை இல்லை, என்ரை காசிலை, வேறை கம்பனியிலை. இந்தச் சனி ஆறு மாட்சும் கண்ணாடி மாதிரித் தெரியுது. ஒரு வீட்டுக்கு ரெண்டு வீடு வாங்குவம்."

பகிடி விடவில்லை. குடிவெறியும் இல்லை. முகம் பளிச்சென்று, நம்பிக்கையோடு, கலியாணம் கட்டின காலத்தில் இருந்ததுபோல் இருந்தது. அதைப் பார்க்கத்தான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"விசரே உங்களுக்கு? திங்கட்கிழமை காசு அனுப்போணும்!"

"வக்கீலுக்கு ஒரு மாசம் பொறுக்கச் சொல்லலாம். நீர் ஏன் நடுங்கிறீர்? டோர்ட்முண்டிலை எனக்கு அனுபவம் இல்லை. இப்ப ரெண்டு வருசம் புரொபெசனலாச் செய்திருக்கிறன். அவங்கள் என்னை என்னத்துக்கு எடுத்தவங்கள்? என்ரை மூளைக்கு."

அவருடைய பெருவிரல் போனில் இருந்தது. வங்கிக்கு ஓடினாலும் அவள் பஸ்ஸில் ஏறுவதற்குள் காசு போய்விடும். அழுது பார்க்கலாம், டோர்ட்முண்டில் அழுதது போதாதா? அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதை எடுக்கக் கூடாதென்று இரண்டு வருசமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கடை மூளைக்கு இல்லை," என்றாள். "நீங்கள் தோக்கிறதுக்கு."

"என்ன?"

"உங்களை அவங்கள் எடுத்தது நீங்கள் தோக்கிறபடியால். வெல்லுறவனைக் கம்பனி வைச்சிருக்காது. அதுக்கு அவங்களுக்கு ஒரு மோடன்ரை பேர் வேணும். நீங்கள் சொல்லுற ஆறையும் முதல் போடுவாங்கள். கம்பனிக்காரன் பாத்து, உவன் ஒரு விசரன், விடு எண்டு விடுவான். பிறகு தங்கடையைப் போடுவாங்கள். நீங்கள் கதைக்கேக்கை அந்தப் பொடியள் குனிஞ்சு சிரிக்கிறதை என்ரை கண்ணாலை கண்டனான். கிறிஸ்மஸுக்குக் கூடை அனுப்பினாங்களே, அது உங்கடை கெட்டித்தனத்துக்கே வந்தது? தோத்ததுக்கு வந்தது."

அவர் சிரித்தார். "திருமாறன் சொல்லித் தந்தவனோ உந்தக் கதையை?"

"ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. உங்களைக் கொண்டுபோய்க் குடுத்ததே நான்தான்."

அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. பெருவிரலைப் போனிலிருந்து எடுத்துவிட்டுக் கதிரையில் இருந்தார்.

"எப்ப?"

"ஷோபாவின்ரை மகளின்ரை சாமத்திய வீட்டிலை. சிவரூபினி கேட்டவள்."

"என்னெண்டு கேட்டவள்?"

அவள் சொல்ல நினைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பெருவிரல் மறுபடியும் போனுக்குப் போகுமோ என்ற பயத்தில் சொன்னாள். "ஒருநாளும் வெல்லாத ஆள் ஆரும் இருக்கினமே எண்டு."

"நீர் என்ரை பேரைச் சொன்னனீர்."

"ஓம்."

கிருஷ்ணராசா மேசையில் கிடந்த ஒரு சோற்றுப் பருக்கையை நகத்தால் சுரண்டினார். கனநேரம் சுரண்டினார்.

"யோசிச்சுத்தான் சொன்னனீரோ?" என்று கேட்டார். "இல்லாட்டி உடனையோ?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆயிரம் பொய்யைக் கட்டிக் காத்த வாய்க்கு இன்னொன்று பாரமா? ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு வந்தது டோர்ட்முண்ட் கடைச் சாவியின் கோபம்.

"உடனை," என்றாள்.

அவர் தலையாட்டினார். போனை எடுத்து, அவளுக்கு முன்னாலேயே வங்கி ஆப்பை அழித்தார். பிறகு கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, வான் சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காசு அனுப்பப்பட்டது. இரண்டு மாதத்தில் குட்மேய்ஸ் வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். நல்ல வீடு, பின்னால் சின்னத் தோட்டம், வெய்யில் விழுகிற குசினி. நாகேஸ்வரிக்குச் சந்தோசமாகத்தான் இருந்திருக்க வேண்டும். பெயின்ற் என்ன நிறம் அடிப்பம் என்று கேட்டாள். "நீர் பாத்துச் செய்யும்," என்றார். முன்பென்றால் பெயின்றைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசி, கடைக்காரனுக்கும் படிப்பித்து, பிழையான நிறத்தை வாங்கி வந்து, சுவரில்தான் பிழை என்று சாதித்திருப்பார். கறிக்கு உப்புக் காணுமோ என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும்." மழை வருமோ என்றால், தோளைக் குலுக்குவார். வான் ஓட்டுவார், வருவார், சாப்பிடுவார், படுப்பார். பெட் ஒரு சதத்துக்குக் கட்டவில்லை. கும்பிட்டுக் கேட்ட வரம் முழுசாகக் கிடைத்திருந்தது, போதுமா?

பால் காய்ச்சின அன்றைக்குச் சற்குணம் வந்து, சனங்களுக்கு நடுவில், "என்ன அட்வைசர், நாளைக்கு ஆர் வெல்லுவினம்? சொல்லுமன், மற்றப் பக்கம் கட்டுவம்," என்று சீண்டினான். பழைய கிருஷ்ணராசா என்றால் வேட்டியை மடித்துக் கட்டியிருப்பார். இவர் சற்குணத்துக்கு ஒரு லட்டுவைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். சற்குணத்துக்கே முகம் செத்துப்போனது. அவனுக்கு அந்த லட்டுக் கடைசிவரை இறங்கவில்லை.

வீட்டுக்குள் இப்படியொரு அமைதி வரும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. அந்த அலட்டலை முப்பது வருசமாக வாயைப் பொத்து வாயைப் பொத்து என்று திட்டியவள். இப்போது அவர் பக்கத்தில் இருக்கும்போதே ரேடியோவைப் போட்டுக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் டிவியில் கப் பைனல். அவர் பார்த்துக்கொண்டிருந்தார், பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும், முகத்தில் ஒன்றும் இல்லை. அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். போகாமல் பக்கத்தில் இருந்தாள். மாட்ச் என்றால் அவளுக்கு வேம்பு, வாழ்நாளில் ஒருநாளும் அவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.  ஒரு மொக்குக் காரணமாவது சொல்ல மாட்டாரா, கோல்கீப்பரின் பெண்டிலைப் பற்றியாவது ஏதும் புழுக மாட்டாரா என்று இருந்தது.

"இஞ்சருங்கோ. ஆர் வெல்லுவினம் எண்டு நினைக்கிறியள்?"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். கோபம் இல்லை, குத்தலும் இல்லை. உண்மையாகவே அறிய வேண்டும் என்பதுபோல் கேட்டார்.

"ஏன், இதையும் ஆரேன் கேக்கச் சொல்லி விட்டவையே?"

"ஐயோ, இல்லையப்பா," என்றாள் நாகேஸ்வரி. "சத்தியமாய் இல்லை. நான்தான் கேக்கிறன்."

சரி என்பதுபோல் தலையாட்டிவிட்டு, அவர் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார். டிவியில் ஆரோ கோல் அடித்தான். எந்தப் பக்கம் என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை.